பள்ளியில் செய்திக் குழு தொடங்குவது எப்படி? முழு வழிகாட்டி (கேமரா ஐந்தாம் வாரத்தில்தான்)

கடலூரில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பும் பதினொன்றாம் வகுப்பும் படிக்கும் பிள்ளைகளை வைத்து, மாதம் இரண்டு முறை ஆறு நிமிட வீடியோ செய்தித் தொகுப்பு ஒன்று செய்துவருகிறோம். அக்கம்பக்கத்திலும் புதுச்சேரியிலும் இதைத் தொடங்க நினைத்த சில ஆசிரியர்களுக்குக் கூட இருந்து உதவியிருக்கிறேன். எல்லோரும் ஒரே இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். முதல் நாளே சுவரில் பச்சைத் துணி கட்டி, நன்றாகப் பேசும் ஒரு பெண்ணை முன்னால் நிறுத்தி, "வணக்கம், இன்றைய முக்கியச் செய்திகள்" என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். இரண்டாவது வாரம் வாசிக்கச் செய்தி இருக்காது. மூன்றாவது வாரம் கலைநிகழ்ச்சி வீடியோ போடுவார்கள். நான்காவது வாரம் குழு இருக்காது.

இங்கே நான் சொல்லும் வரிசை அதற்கு நேர் எதிர். முதலில் காது, பிறகு கேள்வி, சரிபார்ப்பு, எழுத்து. கேமரா அதற்கு அப்புறம். வாரம் இரண்டு மணி நேரம் கிடைத்தால் பத்து வாரத்தில் முதல் தொகுப்பு வந்துவிடும்.

1. முதலில் கையெழுத்து

தலைமை ஆசிரியர் வாய்வார்த்தையாகச் "சரி, செய்ங்க" என்று சொன்னது போதாது. எந்தக் கிழமை, எத்தனை மணி வரை, எந்தப் பிள்ளைகள் கையில் செல்போன் இருக்கலாம், வெளியே போனால் கூடப் போகும் ஆசிரியர் யார், முடிந்த வீடியோவை வெளியிடும் முன் யார் பார்ப்பது என்று ஒரு பக்கம் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். செல்போன் பற்றிய வரி கட்டாயம் இருக்கவேண்டும். இல்லாவிட்டால் பாதிப் படப்பிடிப்பில் வேறொரு ஆசிரியர் போனைப் பிடுங்கி அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுவார், அவரைக் குறை சொல்லவும் முடியாது.

அடுத்தது பெற்றோர் ஒப்புதல். தமிழில், ஒரே பக்கத்தில். "சம்மதிக்கிறேன்" என்று ஒரே வரியாக வைக்காதீர்கள். முகம் வரலாமா, குரல் வரலாமா, பெயர் வரலாமா, பள்ளிக்குள் மட்டும் காட்டலாமா, யூடியூபில் போடலாமா என்று தனித்தனியாக டிக் போட இடம் விடுங்கள். காலைக் கூட்டத்தில் மகள் பேசினால் பெருமைப்படும் அப்பா, யூடியூப் என்றால் வேண்டாம் என்பார். 2023ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி 18 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் எல்லோரும் குழந்தைகள்தான் என்பதால், இந்தக் காகிதத்தை வெறும் சம்பிரதாயமாக நினைக்கவேண்டாம்.

இன்னும் இரண்டு சட்டங்களைப் பிள்ளைகளுக்கே முதல் நாள் சொல்லிவிடுகிறேன். 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம் 74ஆம் பிரிவு: குற்றத்தில் சிக்கிய, பாதிக்கப்பட்ட, சாட்சியான, பாதுகாப்பு தேவைப்படும் குழந்தையின் பெயர், படம், முகவரி, பள்ளி என அடையாளம் காட்டும் எதையும் வெளியிடக்கூடாது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். போக்சோ சட்டம் 23ஆம் பிரிவும் இதே தடையை விதிக்கிறது.

சட்டத்துக்கு வெளியேயும் விஷயம் இருக்கிறது. ஒருமுறை மீன் மார்க்கெட்டில் எடுத்த காட்சியில், பின்னால் கூடை தூக்கிக்கொண்டு போன பையன் எங்கள் பள்ளியில் படிப்பவன். பள்ளிக்கு வராமல் அம்மாவுக்கு உதவப் போன நாள் அது. வகுப்பில் போட்டுக் காட்டியபோது எல்லோரும் சிரித்தார்கள். அவன் நான்கு நாள் வரவில்லை. தவறு என்னுடையதுதான், முன்கூட்டியே பார்த்திருக்கவேண்டும். அன்றிலிருந்து, பின்னணியில் தெரியும் ஒவ்வொரு பிள்ளையையும் யார் என்று கேட்டுவிட்டுத்தான் எடிட்டிங்கில் உட்காருவோம்.

2. எதை வாங்குவது, எதை வாங்காமல் இருப்பது

கையில் முதலில் வரும் பணத்தில் ஒயர் உள்ள காலர் மைக் ஒன்று வாங்குங்கள். கேமரா வேண்டாம், பிள்ளைகள் வீட்டில் இருக்கும் சுமாரான ஆண்ட்ராய்டு போன் போதும். படம் கொஞ்சம் மங்கலாக இருந்தால் பார்ப்பார்கள். பேச்சு கேட்கவில்லை என்றால் பத்தே நொடியில் தள்ளிவிட்டுப் போய்விடுவார்கள்.

மைக்கில் இரண்டு இடங்களில் கோட்டை விடுவார்கள். சில காலர் மைக்குகளில் போனுக்கும் கேமராவுக்கும் மாற்றும் ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும். அது கேமரா பக்கம் இருந்தால் போனில் சரியாகப் பதிவாகாது. துறைமுகத்தில் நாற்பது நிமிடம் பேட்டி எடுத்துவிட்டு, ஒரு சொல்கூட இல்லாமல் திரும்பி வந்திருக்கிறோம். இரண்டாவது, பல புதிய போன்களில் வட்ட ஜாக் கிடையாது, டைப்-சி இணைப்பி தனியாக வேண்டும். அது மைக்கோடு சேர்த்து ரப்பர் பேண்டில் கட்டியே இருக்கட்டும், பைக்குள் தனியாகப் போட்டால் தொலையும்.

அப்புறம் போன் பிடிப்பான் உள்ள ஒரு முக்காலி, பொதுவான இயர்போன் ஒன்று, 64 ஜிபி பென் டிரைவ் இரண்டு, ஆளுக்கொரு நோட்டு. 1080பி தரத்தில் எடுத்தால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 100 எம்பிக்கு மேல் ஓடும். போனில் 4 ஜிபி கூடக் காலியில்லாமல் பேட்டிக்குக் கிளம்பும் பையன் பாதியில் நின்று, குடும்பப் படங்களை அழித்துக்கொண்டிருப்பான். கிளம்பும் முன் காலி இடம் பார்ப்பதை வழக்கமாக்குங்கள்.

ரிங் லைட், பச்சைத் திரை, டெலிபிராம்ப்டர், பள்ளிப் பெயர் அச்சிட்ட மைக் உறை: முதல் வருடம் எதுவும் வேண்டாம். மைக் உறை மேல் எல்லோருக்கும் ஆசை இருக்கும், எனக்கும் இருந்தது.

3. பாடம் எங்கே கிடைக்கும்

தமிழில் பள்ளிப் பிள்ளைகளுக்கென்று வரிசையாக எழுதிய ஒளிபரப்பு இதழியல் பாடம் என் கையில் சிக்கியதில்லை. ஆங்கிலத்தில் நிறைய இருக்கிறது, ஆனால் அதை அப்படியே வகுப்பில் போட்டால் வேலைக்கு ஆகாது.

எனக்கு அதிகம் பயன்பட்டது அமெரிக்காவில் பிபிஎஸ் பொதுத் தொலைக்காட்சியின் நியூஸ் அவர் நிகழ்ச்சி 2009இல் தொடங்கிய ஸ்டூடன்ட் ரிப்போர்ட்டிங் லேப்ஸ் என்ற மாணவர் செய்திப் பயிற்சித் திட்டம். ஆசிரியர்களுக்கான அவர்களுடைய ஸ்டோரிமேக்கர் தளத்தில் பேட்டி, கதை தேர்வு, பேச்சுக்கு மேல் போடும் துணைக்காட்சி என்று தனித்தனிப் பாடங்கள் இருக்கின்றன. செய்தியைச் சந்தேகிக்கச் சொல்லித்தர நியூஸ் லிட்டரசி ப்ராஜெக்ட் நடத்தும் செக்காலஜி என்ற இணையப் பாடத்தளம் இருக்கிறது, இலவசம். யுனெஸ்கோ 2018இல் வெளியிட்ட பொய்ச்செய்தி பற்றிய கையேடும் இலவசம்தான், ஆனால் கல்லூரி ஆசிரியர்களுக்காக எழுதியது. அதிலிருந்து பயிற்சிகளை மட்டும் உருவிக்கொள்ளுங்கள். சிபிஎஸ்இ பள்ளியாக இருந்தால் மேல்நிலை வகுப்புகளுக்கு மாஸ் மீடியா ஸ்டடீஸ் என்று திறன் பாடமே இருக்கிறது, அதன் கைப்புத்தகத்தை வாரியத்தின் தளத்தில் இறக்கிக்கொள்ளலாம்.

இவற்றைப் பயன்படுத்தும்போது செய்யவேண்டியது ஒன்றுதான்: ஒரு பாடத்தை ஒரு பக்கத் தமிழ்த் தாளாக்குங்கள். மேலே ஒரு விதி, நடுவில் நம் ஊர் உதாரணம், கீழே ஒரு வேலை. அந்தப் பாடங்கள் தினமும் ஒரு பீரியட், தனி ஸ்டூடியோ, கால்பந்து போட்டி, ஊர்ப் பள்ளிக் குழுக் கூட்டம் எல்லாம் இருக்கிறது என்று நினைத்து எழுதியவை. நமக்கு வாரம் இரண்டு மணி நேரம்தான், அதிலும் ஸ்பெஷல் கிளாஸ் என்று ஒன்று போய்விடும். உதாரணத்தை மாற்றாமல் பாடத்தை மட்டும் மொழிபெயர்த்தால் பிள்ளைகள் தலையாட்டுவார்கள், வெளியே போனதும் கதை எதுவும் கண்ணில் படாது.

மாணவர் பத்திரிகைச் சுதந்திரம் பற்றிய அமெரிக்கப் பாடங்களை நான் தாண்டிவிடுகிறேன். மாணவர்களின் கருத்துரிமையைக் காத்த 1969இன் டிங்கர் தீர்ப்பு, பள்ளிப் பத்திரிகையைத் தலைமை ஆசிரியர் தணிக்கை செய்யலாம் என்ற 1988இன் ஹேசல்வுட் தீர்ப்பு எல்லாம் படிக்கச் சுவையாக இருக்கும், ஆனால் அவை அந்த நாட்டுச் சட்டம். அந்த நேரத்தில் மேலே சொன்ன 74ஆம் பிரிவைப் படியுங்கள்.

தமிழுக்கு ஆகாசவாணியின் செய்தியறிக்கைதான் எங்கள் பாடநூல். பொய்ச்செய்திப் பாடத்துக்கு, வதந்திகளைச் சரிபார்க்கும் யூடர்ன் தளத்தின் தமிழ்க் கட்டுரைகளை எடுத்து, முடிவை மறைத்துவிட்டு "இதை எப்படிச் சரிபார்ப்பீர்கள்?" என்று கேட்கிறேன்.

4. முதல் இரண்டு வாரம்: காது

போனை எடுக்கச் சொல்லுங்கள், ஆனால் ஒலிப்பதிவு செயலியை மட்டும் திறக்கட்டும்.

முதல் வேலை, பள்ளி வாசலில் கண்ணை மூடி ஐந்து நிமிடம் உட்கார்ந்து கேட்ட சத்தங்களை எழுதுவது. முதலில் "வண்டிச் சத்தம்" என்று எழுதுவார்கள். எந்த வண்டி? டவுன் பஸ் பிரேக்கா, ஷேர் ஆட்டோவா, மீன் வண்டியின் ஹாரனா? இந்தத் துல்லியம் காதுக்கு வந்துவிட்டால் எழுத்துக்கும் வரும்.

இரண்டாவது, ஒரே இடத்தின் ஒரு நிமிட ஒலிக்கதை, பேச்சு இல்லாமல். டீக்கடையில் ஆற்றும் சத்தம், துறைமுகத்தில் ஏலம், புதுச்சேரியில் காந்தி வீதி ஞாயிறு சந்தையில் விலை கூவுவது. வகுப்பில் கண்ணை மூடிக் கேட்டு, எந்த இடம் என்று மற்றவர்கள் கண்டுபிடிக்கவேண்டும். கண்டுபிடிக்க முடியவில்லை என்றால் மைக் சத்தத்துக்கு அருகில் போகவில்லை என்று அர்த்தம். புதியவர்கள் எல்லோரும் தூரத்தில் நின்றுதான் பதிவு செய்வார்கள். ஒரு கை நீளத்துக்குள் போகச் சொல்லுங்கள்.

மூன்றாவது, உச்சரிப்பு. "ஏழைக் கிழவன் வாழைப்பழத் தோல் வழுக்கிக் கீழே விழுந்தான்" என்று சொல்லவைத்துப் பதிவு செய்து, அவர்களே தங்கள் குரலைக் கேட்கட்டும். நாம் திருத்தினால் கூச்சப்படுவார்கள், தானாகக் கேட்டால் திருத்திக்கொள்வார்கள். ழகரம் வரவில்லை என்பதற்காக ஒரு பிள்ளையை வாசிப்பிலிருந்து ஒதுக்காதீர்கள். ஊர் வாடையும் குறையல்ல. தேவனாம்பட்டினத்துப் பையன் கடலைப் பற்றிப் பேசும்போது அந்தப் பேச்சுக்கு இருக்கும் நம்பகம், டிவிக் குரலை நகல் எடுக்கும்போது போய்விடுகிறது.

5. மூன்றாம் வாரம்: தலைப்பை விடுங்கள், கேள்வியைப் பிடியுங்கள்

"என்ன செய்தி செய்யலாம்?" என்று கேட்டால் "பிளாஸ்டிக் ஒழிப்பு, சாலைப் பாதுகாப்பு, கெடிலம் ஆறு" என்று கட்டுரைப் போட்டித் தலைப்புகளாக வரும். அவை செய்தி இல்லை. செய்தியாக்க, கரும்பலகையில் நான்கு கேள்விகளை எழுதுகிறேன். யாருக்கு? எந்த இடத்தில்? இப்போது என்ன மாறியிருக்கிறது? யாரால் பதில் சொல்ல முடியும்? நான்குக்கும் ஆளும் இடமும் பதிலாக வராவிட்டால் அன்று வெளியே போகக்கூடாது.

ஒரு உதாரணம். "மீன்பிடித் தடைக்காலம்" என்பது தலைப்பு. நம் கரையில் அது ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். "அந்த 61 நாளும் தெருவில் கூடை தூக்கி மீன் விற்கும் பெண்கள் எதை விற்கிறார்கள், எங்கிருந்து வாங்குகிறார்கள்?" என்பது கேள்வி. இதற்கு ஆள் இருக்கிறார், இடம் இருக்கிறது, பார்க்கக் காட்சியும் இருக்கிறது. (கோடை விடுமுறையும் அதே சமயம் வந்து தொலைக்கும். ஏப்ரல் கடைசியில் ஒரு நாள் எடுத்து வைத்துவிட்டு, பள்ளி திறந்ததும் மீதியை முடிப்போம்.)

முதல் கதை பள்ளியிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் இருக்கட்டும். சிப்காட் ஆலை வாசல், உப்பனாற்று முகத்துவாரம் என்று பெரிய கதைக்கு ஓடவேண்டாம். பிள்ளைகளின் பாதுகாப்பு ஒரு காரணம். இன்னொரு காரணம், முதல் முறை எப்படியும் ஏதாவது விட்டுப்போகும், திரும்பப் போய் எடுக்கவேண்டி வரும்.

6. நான்காம் வாரம்: சரிபார்ப்பு

மேலே சொன்ன தடைக்காலக் கதையில் எங்கள் பிள்ளைகள் எழுதிய முதல் வரி: "61 நாட்கள் யாரும் கடலுக்குச் செல்லமாட்டார்கள்." தப்பு. தடை விசைப்படகுகளுக்குத்தான், நாட்டுப் படகுகள் போகின்றன. கரையில் நின்று பத்து நிமிடம் பார்த்திருந்தாலே தெரிந்திருக்கும். பள்ளிக்கூடத்து மேசையில் உட்கார்ந்து எழுதிய வரி அது.

நான் விரும்பி நடத்தும் சரிபார்ப்புப் பாடம் புயல் எச்சரிக்கைக் கூண்டு. நம் துறைமுகங்களில் ஏற்றும் கூண்டு எண் 1 முதல் 11 வரை. எந்த எண் மிக ஆபத்து என்று கேட்டால் வகுப்பே "11" என்று கத்தும். 11 என்றால் வானிலை எச்சரிக்கை மையத்தோடு தகவல் தொடர்பு அறுந்துவிட்டது என்று பொருள். எண் பெரிதானால் ஆபத்தும் பெரிது என்று ஊகித்து எழுதினால் என்ன ஆகும் என்பது அதற்கு மேல் விளக்காமலே புரிந்துவிடும்.

படங்களுக்கு: மழைக்காலத்தில் வாட்ஸ்அப்பில் வரும் வெள்ளப் படத்தை கூகுள் லென்ஸில் போட்டு, அது முதலில் எப்போது வெளிவந்தது என்று தேடவையுங்கள். 2011 டிசம்பர் 30இல் தானே புயல் கரையைக் கடந்ததும் 2015 வெள்ளமும் இந்த ஊர் மறக்காத நாட்கள் என்பதால், பழைய படம் எது வந்தாலும் "நம்ம ஊர்தான்" என்று நம்பிவிடுகிறோம்.

பெயர்களுக்கு ஒரே விதி. பேட்டி கொடுப்பவரிடமே நோட்டைக் கொடுத்து, இனிஷியலோடு எழுதச் சொல்லுங்கள். எழுதத் தெரியாதவர் என்றால் எழுதிப் படித்துக்காட்டி, சரியா என்று கேளுங்கள்.

7. எழுத்து: காதுக்கு

இங்கேதான் அதிக நேரம் செலவாகும், செலவாகட்டும். பிள்ளைகளின் கையில் இருப்பது நாளிதழ்த் தமிழ். அது கண்ணுக்கு எழுதியது. தமிழில் வினைச்சொல் கடைசியில் வருவதால், நீளமான வாக்கியத்தில் என்ன நடந்தது என்று தெரிவதற்குள் கேட்பவருக்கு ஆரம்பம் மறந்துவிடும்.

ஒரு மாணவி எழுதியது: "மீன்பிடித் தடைக்காலம் நிறைவடைந்ததையடுத்து விசைப்படகு மீனவர்கள் தங்களது படகுகளைச் சீரமைக்கும் பணிகளை முடித்து ஐஸ்கட்டி, டீசல் உள்ளிட்டவற்றை ஏற்றிக்கொண்டு நள்ளிரவு முதல் கடலுக்குப் புறப்பட்டுச் சென்றனர்."

மூன்று முறை உரக்கப் படித்து, மூச்சு வாங்கிய இடத்தில் எல்லாம் வெட்டி, கடைசியில் அவளே எழுதியது: "அறுபத்தொரு நாள் முடிந்தது. நேற்று நள்ளிரவு விசைப்படகுகள் கிளம்பிவிட்டன. ஐஸும் டீசலும் சாயங்காலமே ஏற்றியாயிற்று." எண்ணை எழுத்தில் எழுதியிருப்பதைக் கவனியுங்கள். வாசிப்பவர் 61ஐப் பார்த்து ஒரு கணம் தடுமாறுவார், அது குரலில் தெரியும்.

"மேற்கொள்ளப்பட்டு வருகிறது", "பெரும் பரபரப்பை ஏற்படுத்தியுள்ளது", "பொதுமக்கள் கடும் அவதி" மூன்றையும் எங்கள் குழுவில் தடை செய்துவிட்டேன். யார் மேற்கொள்கிறார்கள்? எத்தனை பேர் அவதிப்பட்டார்கள், எப்படி? இதற்குப் பதில் தெரியாதபோதுதான் இந்தச் சொற்கள் வருகின்றன.

நேரக் கணக்கில் ஆங்கில வழிகாட்டிகளை நம்பாதீர்கள். நொடிக்கு மூன்று சொல் என்று அவர்கள் கணக்குப் போடுவது ஆங்கிலத்துக்குப் பொருந்தும். தமிழில் "போய்க்கொண்டிருந்தவர்களுக்கு" என்பது ஒரே சொல். ஒவ்வொரு பிள்ளையையும் நூறு சொல் வாசிக்கவைத்து நேரம் பாருங்கள், அந்த எண்ணை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிக்கொள்ளட்டும். எங்கள் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு நூறு சொல்லுக்கு ஒரு நிமிடம் கிட்டத்தட்ட ஆகிறது. அப்படியென்றால் இரண்டு நிமிடக் கதையில், பைட் (பேட்டியிலிருந்து எடுக்கும் பேச்சுத் துண்டு) போக, எழுத்து நூற்றைம்பது சொல்லைத் தாண்டக்கூடாது.

8. இப்போது கேமரா

ஐந்தாம் வாரம். போனைப் படுக்கை வசமாகப் பிடிப்பது, ஏர்பிளேன் மோடில் போடுவது, லென்ஸைத் துடைப்பது: இந்த மூன்றையும் ஒருவர் உரக்கச் சொல்ல மற்றவர்கள் செய்யட்டும். நல்ல பேட்டி நடுவில் யாருடைய மாமாவாவது கூப்பிட்டால் சில போன்களில் பதிவே நின்றுவிடும்.

வகுப்பறையில் எடுத்த வீடியோவில் டியூப் லைட் அலை அலையாக ஓடுகிறதா? நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், போன் பெரும்பாலும் நொடிக்கு 30 பிரேம் எடுக்கிறது, அதுதான் காரணம். கேமரா அமைப்பில் 50 ஹெர்ட்ஸ் தேர்வு இருந்தால் போடுங்கள். ஷட்டரை மாற்ற முடிந்தால் 1/50 அல்லது 1/100. இரண்டும் இல்லையென்றால் லைட்டை அணைத்துவிட்டு ஜன்னல் பக்கம் போங்கள், பல நேரம் அதுவே அழகாக இருக்கும்.

ஒரு வேலையைக் காட்ட ஐந்து காட்சி: கை, முகம், இரண்டும் சேர்ந்து, முழு இடம், பிறகு நீங்கள் எதிர்பாராத ஒரு கோணம். ஒவ்வொன்றும் பத்து நொடி, போனை அசைக்காமல். பிள்ளைகள் மூன்று நொடியில் அடுத்ததற்குத் தாவுவார்கள். பத்து வரை மனதுக்குள் எண்ணச் சொல்லுங்கள். எடிட்டிங்கில் மூன்று நொடிதான் வேண்டும், ஆனால் அந்த மூன்று நொடி எது என்று எடுக்கும்போது தெரியாது.

கடற்கரை தனிப் பாடம், இந்த ஊரில் அதைத் தவிர்க்க முடியாது. நமக்குச் சூரியன் கடலில் உதிக்கிறது. காலையில் சில்வர் பீச்சிலோ புதுச்சேரி கடற்கரைச் சாலையிலோ கடல் பின்னால் தெரிய ஒருவரை நிறுத்தினால் முகம் கரியாகத்தான் வரும். காலையில் அவர் கடலைப் பார்த்து நிற்கட்டும், பின்னணியில் படகும் வலையும் தெரியும்படி எடுங்கள். கடல் பின்னால் வேண்டும் என்றால் நான்கு மணிக்கு மேல் போங்கள், வெயில் மேற்கிலிருந்து முகத்தில் விழும். மதியத்துக்கு அப்புறம் கடற்காற்று வீசும்தான். ஆனால் முதுகைக் கடலுக்குக் காட்டி நிற்பவரின் உடம்பே சட்டையில் குத்திய மைக்குக்குக் காற்றை மறைத்துவிடும். இதை ஒரு மீனவ மாணவன்தான் எனக்குச் சொல்லித்தந்தான்.

உள்ளே எடுக்கும்போது மின்விசிறியை நிறுத்துங்கள். வேர்க்கும், ஐந்து நிமிடம்தானே. பேட்டி முடிந்ததும் யாரும் பேசாமல் அந்த இடத்தின் சத்தத்தை மட்டும் முப்பது நொடி பதிவு செய்யுங்கள். வெட்டி ஒட்டும்போது நடுவில் வரும் வெறுமையை மறைக்க அதுதான் கைகொடுக்கும். ஒவ்வொரு பதிவையும் நகரும் முன் இயர்போனில் கேட்டுவிடுங்கள். முன்பு சொன்ன அந்த நாற்பது நிமிடம் போனது இதைச் செய்யாததால்தான்.

9. பேட்டி

கூடைக்கார ஆயாவிடம் எங்கள் மாணவி கேட்டாள்: "ஆயா, தடைக்காலம் உங்களுக்குக் கஷ்டமா இருக்கா?"

"ஆமாம்மா."

அவ்வளவுதான், பேட்டி முடிந்தது. கூட இருந்த பையன் மைக்கை வாங்கி, "ஆயா, போன வாரம் கூடையில என்னா வச்சு வித்தீங்க?" என்றான். கருவாடு, அது எங்கே வாங்கினது, எவ்வளவு கடன், யார் வீட்டில் வாங்க மறுத்தார்கள் என்று மூன்று நிமிடம் நிற்காமல் பேசினார். முதல் கேள்வியில் பதிலும் சேர்ந்தே இருந்தது. ஆமாம், இல்லை என்று முடியும் கேள்விகளை நோட்டிலேயே அடித்துவிடுங்கள்.

பதில் முடிந்ததும் மூன்று நொடி பேசாமல் இருக்கப் பழக்குங்கள். அந்த இடைவெளியில்தான் நல்ல பைட் வரும். "ம்ம்", "ஓ அப்படியா" என்று கேட்பவர் சொல்வதெல்லாம் பதிவாகும் என்பதால் தலையை மட்டும் ஆட்டட்டும். பைட் ஒன்று பதினைந்து நொடியைத் தாண்டவேண்டாம்.

அதிகாரியைப் பார்க்கவேண்டும் என்றால் பள்ளி லெட்டர்பேடில் கேள்விகளின் பொருளைச் சொல்லி ஒரு வாரம் முன்பே கடிதம் கொடுங்கள். பதில் வரவில்லை என்றால் "கேட்டோம், இன்னும் பதில் வரவில்லை" என்று தொகுப்பில் சொல்லிவிடலாம். கோபமாகச் சொல்லத் தேவையில்லை.

10. எடிட்டிங்: முதலில் காகிதத்தில்

கணினியைத் திறக்கும் முன், பைட்டுகளை எழுதி, வாய்ஸ் ஓவரை (படத்துக்கு மேல் நாம் வாசிக்கும் குரலை) எழுதி, எது முன், எது பின் என்று காகிதத் துண்டுகளாக மேசையில் அடுக்குங்கள். பிறகு குரலை மட்டும் டைம்லைனில் போட்டு, கண்ணை மூடிக் கேளுங்கள். புரிகிறதா? அதற்கு மேல்தான் படம். படத்தை முதலில் அடுக்கினால் அழகான அலை, அழகான படகு என்று போய்க்கொண்டே இருக்கும், கதை எங்கோ நின்றுவிடும்.

பள்ளிக் கணினிக்கு ஷாட்கட் அல்லது கேடென்லைவ், ஒலிக்கு ஆடாசிட்டி. மூன்றும் இலவசம், வாட்டர்மார்க் வராது. பழைய கணினி திணறினால் ப்ராக்ஸி வசதியைப் (வீடியோவின் சின்ன நகலை வைத்து வெட்டும் முறை) போட்டுக்கொள்ளுங்கள். போனிலிருந்து வீடியோவை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பாதீர்கள், தரத்தைக் குறைத்துவிடும். கேபிளில் எடுங்கள், முடியாவிட்டால் டாகுமெண்டாக அனுப்புங்கள்.

தமிழ் எழுத்து சில எடிட்டர்களில் உடையும். கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். லிப்ரே ஆபீஸில் பெயர்ப்பட்டையைச் செய்து பின்னணி இல்லாத பிஎன்ஜி படமாகச் சேமித்து உள்ளே கொண்டுவந்தால் தொல்லை இல்லை. நோட்டோ சான்ஸ் தமிழ், முக்த மலர் போன்ற யூனிகோட் எழுத்துரு போதும். யூனிகோட் அல்லாத பழைய பாமினி எழுத்துருவில் அடித்தால் அடுத்த கணினியில் குப்பையாகத்தான் தெரியும்.

சினிமாப் பாட்டின் பின்னணி இசை வேண்டாம். "பத்து நொடிக்குள் இருந்தால் பரவாயில்லை" என்பது பிள்ளைகளிடம் உலவும் கட்டுக்கதை. யூடியூபின் இலவச ஒலி நூலகத்தில் எடுங்கள், அல்லது பள்ளியில் மிருதங்கம் வாசிக்கும் பிள்ளையை முப்பது நொடி வாசிக்கவைத்துப் பதிவு செய்யுங்கள்.

11. வெளியிடுவதும் வேலை மாற்றுவதும்

முதல் மூன்று தொகுப்புகளைப் பள்ளிக்குள் மட்டும் போட்டுக்காட்டுங்கள். தப்பு வரும். வந்தால் அடுத்த தொகுப்பின் தொடக்கத்திலேயே, தப்பைச் செய்த குழு அதைச் சொல்லட்டும். யூடியூபுக்குப் போகும்போது கருத்துப் பகுதியை மூடிவிடுங்கள், பதினைந்து வயதுப் பெண்ணின் வீடியோவுக்குக் கீழே என்னவெல்லாம் வரும் என்று சொல்லத் தேவையில்லை.

ஒவ்வொரு தொகுப்புக்கும் வேலை மாறவேண்டும். சும்மா விட்டால் பெண்கள் வாசிப்பார்கள், பையன்கள் கேமரா பிடிப்பார்கள், ஆங்கில மீடியம் பிள்ளை எடிட் செய்யும், அமைதியான பிள்ளை மைக் ஒயரைச் சுருட்டும், வருடம் முழுக்க அப்படியே போகும். மதிப்பெண் கொடுப்பதாக இருந்தால் வீடியோவுக்குக் கொடுக்காதீர்கள், நோட்டுக்குக் கொடுங்கள்: எத்தனை பேரிடம் பேசினார்கள், எதைச் சரிபார்த்தார்கள், எதை ஏன் வெட்டினார்கள். வீடியோவுக்குக் கொடுத்தால் நல்ல போன் வைத்திருப்பவன் முதல் மதிப்பெண் வாங்குவான்.

ஒவ்வொரு கதைக்கும் தேதியோடு ஒரு கோப்புறை, இரண்டு பென் டிரைவிலும் நகல், ஒன்று பள்ளி அலுவலகத்தில். சேனல் கணக்கைப் பள்ளியின் மின்னஞ்சலில் தொடங்குங்கள், கடவுச்சொல்லை உறையில் போட்டுத் தலைமை ஆசிரியர் மேசையில் வையுங்கள். எங்கள் முதல் சேனலை ஒரு பிளஸ் டூ மாணவன் தன் எண்ணில் தொடங்கினான். அவன் படிப்பு முடிந்து போய் எண்ணையும் மாற்றிவிட்டான். இரண்டு வீடியோவோடு சேனல் இன்னும் இருக்கிறது, யாராலும் உள்ளே போக முடியவில்லை.